சபையில் கர்ணன்

நல்ல மனிதன் யார் என்று என் பதினைந்து பதினாறு வயதில் யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் கர்ணன் என்றுதான் சொல்லியிருப்பேன். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அதுதான் விடை. அதைச் சொல்லித் தந்தவர் சிவாஜி கணேசன். 1964 பொங்கலுக்கு வந்த பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தை நாங்கள் எண்பதுகளில் வாடகைக்கு எடுத்த டெக்கில் பார்த்தோம். முற்றத்தில் பாய் விரித்து, ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். களத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் மகனின் தலையைக் குந்தி மடியில் எடுத்து வைக்கும்போது அழாத ஆளைத் தேடினாலும் கிடைக்காது.

ஓய்வு பெற்ற பிறகு படம் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. மகன் பென் ட்ரைவில் பழசும் புதுசுமாகப் போட்டுத் தந்துவிட்டுப் போனான். அதில் மூன்று கர்ணன்கள் இருந்தார்கள். பந்துலுவின் கர்ணன், மணிரத்னத்தின் 'தளபதி', மாரி செல்வராஜின் 'கர்ணன்'. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் மனதில் ஒரு கேள்வி கிளம்பி, இன்னும் அடங்காமல் இருக்கிறது. தன் ஆட்களிடம் தங்கமாக நடந்துகொள்கிறவனை அதற்காகவே நல்லவன் என்று சொல்லிவிடலாமா?

இந்தக் கேள்வி கிழக்கிலங்கைக் கரையில், பாண்டிருப்பில் இருந்துகொண்டு படம் பார்க்கிறவளுக்கு வருவது இயல்பு. எங்களுக்குப் பாரதம் ஆண்டுதோறும் வீட்டு வாசலால் போகிற கதை. திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு நடக்கும். பாரதம் படிப்பார்கள். பாண்டவர்கள் வனவாசம் போகிற நாளில் ஊரே தெருவில் நிற்கும். அருச்சுனன் தவநிலை நடக்கும். கடைசியில் தீமிதிப்பு. நேற்று வரை கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன், விரதம் பூண்டு பாண்டவரில் ஒருவராக நடந்து வரும்போது அவனைப் பெற்ற தாயே கையெடுத்துக் கும்பிடுவாள். இங்கே கதையின் நடுவில் நிற்பவள் திரௌபதை. கர்ணன் அவளுடைய கதையில் வந்துபோகிற ஒருவன்தான்.

பழைய 'கர்ணன்' படத்தை நான் திரும்பப் பார்த்த அன்று கூட இருந்தவர் பக்கத்து ஊரான மருதமுனையின் டீச்சர். பல வருடம் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவருடைய வாப்பா கைத்தறி நெய்தவர். சின்ன வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊருக்குத் தீமிதிப்புப் பார்க்க வந்த ஆள் அவர். படம் முடிந்தது, எனக்கு வழமைபோலக் கண் கலங்கியிருந்தது. அவர் கேட்டார்: "சேலை உரிஞ்ச கட்டம் வரல்லியே டீச்சர்? நானும் இப்ப வரும், இப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டே இருந்தன்."

வரவில்லைதான். கௌரவர் சபையில் திரௌபதையை இழுத்து வந்த கட்டத்தைப் படம் காட்டவில்லை. அங்கே கர்ணன் வாயிலிருந்து வந்த சொற்களும் படத்தில் இல்லை. எத்தனையோ தடவை பார்த்த படம், ஒரு தடவைகூட எனக்கு அது உறைத்ததில்லை.

படத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சொக்கட்டான் ஆடுகிற காட்சி இருக்கிறது. கர்ணனும் துரியோதனன் மனைவி பானுமதியும் ஆடுகிறார்கள். கணவன் வருவதைக் கண்டு பானுமதி எழுகிறாள். வாசலுக்கு முதுகு காட்டி இருக்கிற கர்ணனுக்கு அது தெரியாது. தோற்கப் பயந்து எழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பிடிக்கிறான், இடையிலிருந்த முத்துமாலை அறுந்து தரையெல்லாம் சிதறுகிறது. பானுமதியாக வரும் சாவித்திரியின் முகத்தில் அந்த நொடியில் ஓடுகிற கலக்கத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்த துரியோதனனோ சந்தேகத்தின் நிழல்கூட முகத்தில் இல்லாமல், முத்துகளைப் பொறுக்கித் தரவா, கோத்தும் தரவா என்ற பாவத்தில் நிற்கிறான். துரியோதனனாக வரும் அசோகனைக் கத்துகிற வில்லனாகவே பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சாந்தம் ஆச்சரியம். தமிழ்ச் சினிமாவில் நட்பைக் காட்டிய காட்சிகளில் இதற்கு மிஞ்சி ஒன்று எனக்குத் தெரியாது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒரு பெண்ணின் மாலை அறுந்ததற்கு இத்தனை கண்ணியம் காட்டிய அதே இரண்டு ஆண்கள்தான், இன்னொரு பெண்ணின் சேலையை நிறைந்த சபையில் உரியச் செய்தவர்கள். முதலாமவள் தங்கள் வீட்டுப் பெண். இரண்டாமவள் எதிரி வீட்டுப் பெண். படம் முதலாவதைக் காட்டி, இரண்டாவதை விட்டுவிட்டது. விட்டதனால்தான் நாங்கள் அப்படி அழ முடிந்தது.

பந்துலுவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் மரபுக்கே கர்ணனின் சாவின்மேல் ஒரு தனி மோகம். படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1962இல், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, அவர் எடுத்த கதையும் 'கர்ணன் போர்'தான். தமிழ்நாட்டின் வட பகுதியில் 'கர்ண மோட்சம்' கூத்தை இறந்தவர்களுக்கான சடங்கிலேயே ஆடுகிறார்கள். களத்தில் கிடக்கிற கர்ணனை எல்லோருக்கும் பிடிக்கிறது. சபையில் இருந்த கர்ணனைப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

பாரதியார் பார்த்தார். 'பாஞ்சாலி சபத'த்தை இப்போது திரும்ப எடுத்துப் படித்தேன். முதற்பாகம் 1912இல் வந்தது, முழு நூலும் வந்தது அவர் காலமான பிறகு. அதில் துரியோதனனின் தம்பி விகர்ணன் எழுந்து, இது நியாயமில்லை என்று பேசுகிறான். பீஷ்மர், துரோணர் போன்ற பெரியவர்கள் இருந்த சபையில், கௌரவர் நூறு பேரில் வாய் திறந்தவன் அவன் ஒருவன். அவனை அதட்டி உட்கார்த்துவது யார்? கர்ணன். துணியைக் களையச் சொல்வதும் அவனே. பாரதியார் இதை ஒளிக்கவில்லை.

விகர்ணன்தான் கர்ணனைப் பற்றிய என் கேள்விக்கு விடை என்று எனக்குப் படுகிறது. செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, அதே சோற்றை விகர்ணனும் தின்றான். கர்ணனாவது வெளியிலிருந்து வந்தவன், விகர்ணன் கூடப்பிறந்தவன், அவனுக்குக் கடன் இன்னும் அதிகம். அவன் பேசினான். பேசிவிட்டுப் பாண்டவர் பக்கம் ஓடினானா? இல்லை. போர் வந்தபோது அண்ணனுக்காகவே களத்தில் நின்று பீமன் கையால் செத்தான், கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான் என்கிறது பாரதம். கடனையும் கட்டினான், நியாயத்தையும் சொன்னான். இரண்டையும் ஒருவன் செய்யலாம் என்பதற்கு அவனைவிடச் சாட்சி வேண்டுமா? அவனைக் கதாநாயகனாக வைத்து எடுத்த ஒரு பெரிய படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

'தளபதி'யைப் பற்றி இப்போதுதான் எனக்குச் சரியான மரியாதை வந்தது. 1991 தீபாவளிக்கு அது வந்தபோது எங்கள் பக்கம் படம் பார்க்கிற நிலையில் இல்லை. பிறகு தேய்ந்த கசற்றில் பார்த்து, ரஜினியையும் இளையராஜாவின் பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். இந்த முறை பார்த்தபோது நட்பு தொடங்குகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேவாவின் ஆள் ரமணா ஒரு பெண்ணுக்குக் கொடுமை செய்கிறான். அதைப் பொறுக்காமல் ரஜினியின் சூர்யா அவனை அடிக்கிறான், ரமணா சாகிறான். பழிவாங்க வேண்டிய தேவாவாக வரும் மம்மூட்டி, நடந்ததை விசாரித்து, தன் ஆளின் பக்கம்தான் பிழை என்று கண்டு, சூர்யாவைச் சிறையிலிருந்து எடுக்கிறார். இந்தத் துரியோதனனோடு உண்டான நட்புக்கு அத்திவாரமே, தன் ஆள் ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்தை அநியாயம் என்று ஒத்துக்கொண்டதுதான். மூலக் கதையின் ஓட்டையை மணிரத்னம் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டார். கடைசியில் கர்ணன் உயிரோடு இருக்க, துரியோதனன் சாகிறான் என்று மாற்றியதைப் பலர் ரசிகர்களுக்காகச் செய்த மாற்றம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டையை விட்டுவிட முடிவெடுத்த பிறகு சாகிற தேவாவைக் கர்ணனே வழிக்குக் கொண்டுவந்தான் என்பதுதான் அந்தப் படத்தின் பலம்.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) வேறு வகை. பஸ் நிற்காத பொடியங்குளம். கர்ணன், துரியோதனன், திரௌபதை, அபிமன்யு என்று பாரதத்தின் பெயர்களெல்லாம் அடிபடுகிற ஊரின் பக்கம். கண்ணனின் பெயரைத் தாங்கிய பொலிஸ் அதிகாரி அடிக்கிறவன். 1995இல் கொடியங்குளத்தில் நடந்த பொலிஸ் அட்டூழியம் தெரிந்தவர்களுக்கு இது வெறும் கற்பனையாகப் படாது. கால் கட்டப்பட்ட கழுதையைக் கர்ணன் அவிழ்த்துவிடுகிற இடம், தங்கை வீதியில் வலிப்பு வந்து கிடக்க வாகனங்கள் இருபுறமும் போய்க்கொண்டிருக்கிற இடம், இரண்டும் இரவு தூங்க விடவில்லை. இந்தக் கர்ணன் தின்ற சோறு வேறு யாருடையதும் இல்லை, அதனால் அவன் யாருக்கும் கடன்படவில்லை. திரௌபதையும் அவனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எங்கள் கோயிலடியில் வளர்ந்த எனக்கு அது ஒரு ஆறுதல்.

இந்தப் படங்களுக்கு நடுவில், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையும் டீச்சரோடு பார்த்தேன். சசிகுமாரும் சிம்ரனும் அன்பான படம் தந்திருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஒன்று மட்டும். தெனாலி காலம் முதல் தமிழ்நாட்டுச் சினிமாவுக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ்தான். 'மறுகா' என்று பேசுகிற எங்கள் கரையின் தமிழ் பெரிய திரையில் எப்போது வரும் என்று டீச்சரும் நானும் பேசிக்கொண்டோம்.

சபைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது எங்கள் கரைக்கு அந்நியமான இடம் இல்லை. 1990 ஆகஸ்ட் மாதத்தை இங்கே யாரும் மறக்க முடியாது. மூன்றாம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைச் சுட்டார்கள். பன்னிரண்டாம் திகதி வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். ஒரே மாதம், தொழுகைக்கும் கும்பிடுதலுக்கும் உரிய இடங்கள். இரண்டு பக்கத்திலும் தன் வீட்டுப் பெண்ணின் முத்தைப் பொறுக்கிக் கோத்துக் கொடுக்கக்கூடிய நல்ல மனிதர்கள் இருந்தார்கள். தன் பக்கத்தைப் பார்த்து இது அநியாயம் என்று சத்தமாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. சொல்ல நினைத்தவர்களின் வாயை அடைக்க 'துரோகி' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

துவக்கு ஓய்ந்த பிறகும் அது மாறவில்லை. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் பக்கம் உண்ணாவிரதம், அதற்கு எதிராக முஸ்லிம்கள் பக்கம் சத்தியாக்கிரகம். அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையில் இடைவேளைத் தேநீரை இரண்டு மேசையில் குடித்தோம். எங்கள் மேசையில் இருந்த ஒரு சேர், "அவங்க என்ன சொல்றாங்க எண்டும் ஒருக்காக் கேட்பமே" என்றார். உடனே ஒரு குரல்: "நீங்க ஆர்ர ஆள் சேர்?" அவர் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்து வகுப்புக்குப் போனார். அவருடைய கோரிக்கை எங்கள் எல்லோருடைய கோரிக்கையும்தான், கையெழுத்தும் போட்டிருந்தார். கேட்டது மறுபக்கத்தின் சொல்லையும் கேட்போம் என்ற ஒன்றை. அந்த அறையில் விகர்ணனாக இருந்தவர் அவர்தான்.

செஞ்சோற்றுக் கடனை நான் சின்னதாக எண்ணவில்லை. நன்றி மறந்தவனை எங்கள் ஊர் வாசலில் ஏற்றாது, ஏற்றவும் கூடாது. ஆனால் சோறு போட்டவன் கேட்பது நம் உழைப்பையா, உயிரையா, நம் வாயையா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் கொடுத்த கர்ணனை வணங்கலாம். மூன்றாவதையும் கொடுத்து, எழுந்து பேசினவனையும் அடக்கிய கர்ணனை வணங்க முடியாது. அவன் கொடையாளி, வீரன், நண்பருக்குள் நண்பன். நல்லவன் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. படத்தை இனியும் பார்ப்பேன், குந்தியின் மடியில் அவன் தலை சாயும்போது அழவும் செய்வேன்.

இந்தக் கரையில் கைப்பேசியில் குறும்படம் எடுத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கர்ணனை எடுத்தது போதும். விகர்ணனை எடுங்கள். சபையில் எழுந்து நின்றபோது அவனுக்குக் கால் நடுங்கியதா, வீட்டுக்குப் போனதும் அண்ணன்மார் அவனோடு பேசினார்களா என்று காட்டுங்கள். பாண்டிருப்புப் பிள்ளையும் மருதமுனைப் பிள்ளையும் சேர்ந்து, நம்முடைய தமிழிலேயே எடுங்கள்.