பொருந்தும் கண்ணாடி வரும் வரை

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடிக்கூடத்தில் ஒரு ஜன்னலின் மேல்வளைவில் நீலக் கண்ணாடி உடைந்துபோனது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. பக்கத்திலிருந்த சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கீறல்கூட இல்லாமல் நின்றன. யாரோ அந்த ஓட்டையில் காலண்டர் அட்டையைச் செருகி வைத்தார்கள். மழையில் அது ஊறி விழும். அடுத்த முறை ஊருக்கு வருகிறவர் வேறோர் அட்டையைச் செருகுவார். ஜன்னலுக்குக் கீழே கிடந்த பழைய அட்டைகளில் இருந்த ஆண்டுகளைப் படித்தாலே எவ்வளவு காலமாக இப்படி நடக்கிறது என்று தெரிந்தது.

ஏன் அதை மாற்றவில்லை என்று கேட்டால் எங்களிடம் இரண்டு பதில்கள் இருந்தன. பங்காளிகள் எல்லாரையும் கேட்க வேண்டும். அதே நீலம் கிடைக்க வேண்டும். இரண்டுமே பொறுப்புள்ளவர்கள் சொல்லும் பதில்கள். அதனால்தான் யாரும் அவற்றை எதிர்த்துப் பேசவில்லை.

நகரத்தார் வழக்கில் கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதே புள்ளிக் கணக்கில்தான். வீட்டிலும் அதே கணக்குதான். நடுமுற்றமான வளவைச் சுற்றி மகனுக்கு ஓர் அறை என்று ஐயா காலத்தில் பிரித்தது, பேரன் கொள்ளுப்பேரன் என்று விரிந்து, இன்று ஓர் அறைச் சாவிக்கே சென்னையிலும் கோலாலம்பூரிலும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அறை அவரவருடையது. முகப்பும் வளவும் மாடிக்கூடமும் பொது. பொது என்பதால் அங்கே ஆணி அடிக்கக்கூட ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கிறோம். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் எல்லாரும் கூடுவோம். அந்த நாளில் ஜன்னலைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

நிறத்தின் கதை வேறு. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எழுந்தவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பியக் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்து மாட்டுவண்டியில் ஏறி இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் கண்ணாடியை உருளையாக ஊதி, நெடுக அறுத்து, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவார்கள். பெல்ஜியத்தில் எமில் ஃபூர்கோ கண்டுபிடித்த முறையில் உருகிய கண்ணாடியைத் தகடாகவே மேலே இழுத்தெடுத்தார்கள். எப்படிச் செய்தாலும் அதில் மெல்லிய அலை நிற்கும். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவை முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடி பரவி அலையே இல்லாமல் வருகிறது. 2000 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலையில் அப்படித்தான் தயாராகிறது. எங்கள் ஜன்னலுக்கு அலையோடு கூடிய அந்த நீலம் வேண்டுமென்றால் அது இன்னொரு பழைய வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அப்படித்தான் வரவும் செய்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு முன்னால் நடந்தால் தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் சட்டிகளும் ரவிவர்மா படங்களும் வாசல்வரை வந்து நிற்கும். ஒரு கடையில் வைக்கோல் போட்ட பெட்டிக்குள் வண்ணக் கண்ணாடிகளை அடுக்கியிருந்தார்கள். நீலம் ஒன்றைக் கையில் எடுத்தேன். எங்கள் நீலமேதான். ஓரத்தில், கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கப் பூசிய பழைய புட்டி கல்லாக இறுகி ஒட்டியிருந்தது. புட்டியின் மேல் பச்சைப் பெயின்ட். யாரோ ஒருவர் ஒரு நல்ல காரியத்துக்கு முந்தி ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தபோது தூரிகை தவறிப் பட்ட கறை அது.

"எந்த ஊரு வீடுங்க?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுண்ணே. பிரிச்ச வீட்டுச் சாமான், மொத்தமா வந்தது."

கடைக்காரர்மேல் எனக்குக் குறையில்லை. வீட்டைப் பிரித்தவர்கள்மேலும் சட்டென்று குறை சொல்ல மாட்டேன். ஒழுகுகிற வீட்டை வைத்துக்கொண்டு பங்காளிகள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கண்ணாடியை வாங்க மனம் வரவில்லை. என் ஜன்னல் முழுமையாக வேண்டும் என்று நான் கேட்கும் ஒவ்வொரு துண்டும், நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு விலை அதிகம் என்று சந்தைக்குச் சொல்லும். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பெருமைக்கு உரிய வீடுகளை, ஒன்றின் குறையை இன்னொன்றைக் கொண்டு நிரப்பிக் காப்பாற்ற முடியாது.

அங்கிருந்து சாதாரணக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. பின்னால் தகரத்தில் கூண்டு கட்டிய வண்டி. கல்யாணச் சமையல் சாமான் ஏற்றுவது. கூண்டின் பக்க ஜன்னலில் கண்ணாடி இல்லை, சாக்குத்துணி கட்டியிருந்தது. மற்ற ஜன்னல்களில் கறுப்புச் சாயலுள்ள டஃபன்ட் கண்ணாடி. டஃபன்ட் கண்ணாடியை அறுக்க முடியாது, அளவுக்கு வெட்டிய பிறகுதான் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். வெளியூரில் சொல்லிச் செய்து வரக் காத்திருக்க வேண்டும் என்றார் கடைக்காரர்.

"எது இருக்கோ அதைப் போடுங்கண்ணே. ராத்திரி மானாமதுரை மண்டபத்துல அரிசி, பருப்பு எல்லாம் இறக்கியாகணும். மானம் கறுத்துக்கிட்டு வருது" என்றார் டிரைவர்.

நிறமில்லாத அக்ரிலிக் ஷீட்டை வெட்டினார்கள். ஓரம் முழுக்க ரப்பர் பீடிங்கைச் சுற்றி, பீடிங்கின் உள்வாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார். கூண்டுக்குள் உட்கார்ந்த பையன் கயிற்றை மெதுவாக இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் அங்குலம் அங்குலமாக ஏறி உட்கார்ந்தது. கறுப்பு ஜன்னல்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை ஜன்னலோடு வண்டி கிளம்பியது. அரிசி நனையாது. டிரைவருக்கு அது போதும்.

எனக்கு அங்கே நின்றபடி என் இரண்டு ஐயாக்களின் நினைவு வந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். விடுதலை பெற்ற பர்மாவில் 1948இல் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. பெரிய ஐயா தகரப் பெட்டியில் அங்கிருந்த நிலங்களின் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஈட்டுத்தொகைக்காகக் காத்திருந்தார். போனது எதுவோ அதுவே திரும்பி வர வேண்டும், வேறெதுவும் அதற்கு ஈடாகாது என்பதில் உறுதியாக இருந்தார். அந்த உறுதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் இழந்தது சிறியதல்ல. சின்ன ஐயா தேவகோட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு வட்டிக்கணக்கு பார்த்த கை, துண்டுக்கும் வேட்டிக்கும் ரசீது எழுதியது. வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில். பெரிய ஐயா பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் அதிலிருந்துதான் போனது.

இழந்ததற்குச் சமமானது வரட்டும் என்று இருப்பது, இழந்ததை மதிப்பதுபோல் நமக்கே தோன்றுகிறது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பழைய மாதிரி பேச முடிந்தால் பேசுவோம் என்று இருவரும் இருப்பார்கள். பழைய மாதிரி இனி வராது. "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி கேட்டால் போதும். அது பழைய பாசத்தின் நிறத்தில் இல்லை என்பதால் அதையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். இதற்கிடையில் ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி மழைகளில் ஊறிப் பொரிந்துவிட்டது. ஒரு துண்டுக் கண்ணாடிக்காகக் காத்ததில் ஒரு சுவர் போனது.

1964இல் வெனிஸில் வகுத்த நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனத்தில் 12ஆவது விதி எனக்குப் பிடித்தது. காணாமல்போன பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே நேரம் இது மூலம் அல்ல என்று பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. பதிலுக்கு வந்தது தன்னைப் பழையதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாம் மனைவியாகவோ சுவீகாரப் பிள்ளையாகவோ ஒரு வீட்டுக்குள் வந்தவர்களுக்கும் இந்த உரிமையை நாம் கொடுத்திருக்கலாம்.

நான்கு மில்லி கனத்தில் வெளிர்நீலக் கண்ணாடி வாங்கினேன். வளைவுக்குள் இருக்கும் விசிறித் துண்டுக்கு அளவெடுப்பது கடினம். கடைசியாகச் செருகியிருந்த காலண்டர் அட்டையையே ஆசாரி ஓரம் சீவி அச்சாக வெட்டித் தந்தார். அதை வைத்துக் கடையில் அறுத்தார்கள். ஜன்னலில் கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் தேக்கு, உளி முனையால் நெம்பியதும் துருப்பிடித்த ஆணிகளோடு முழுசாக வந்தது. பழைய புட்டியைச் சுரண்டி, புதுப் புட்டியைப் படுகையாக இழுத்து, கண்ணாடியை அழுத்தி, அதே பீடிங்கைத் திரும்ப அடித்தார். அடிப்பதற்கு முன் பீடிங்கின் உள்பக்கம் பென்சிலால் வருஷத்தை எழுதினார். நான் சொல்லவில்லை, ஆசாரிகள் வழக்கமாம்.

யாரையும் கேட்காமல் செய்தேன். செய்துவிட்டுப் படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். கோலாலம்பூர் அண்ணன்தான் முதலில் கூப்பிட்டார்.

"தம்பி, நிறம் ஒத்துவரலையேப்பா."

"ஒத்துவராதுண்ணே. இது இப்பத்துக் கண்ணாடி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுவரு ஊறுறது நின்னுருச்சா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். அப்படியென்றால் சுவரை எப்போது பூசுவது என்று அவரே ஆரம்பித்தார். சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புதான் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. சுண்ணாம்பு நன்றாக ஊற வேண்டும். இப்போதே போட்டால்தான் தை மாதம் பூச முடியும். கொத்தனாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.