நீர் காட்டும் முகம்



காற்றில்லாத விடியற்காலையில் சிலாபக் களப்பில் கட்டிய வள்ளங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் கீழும் அதே வள்ளம் தலைகீழாகத் தெரியும். காற்று எழுந்ததும் அந்த உருவம் நீண்ட நிறக் கீற்றுகளாக உடைந்துபோகும். ஒவ்வொரு சிற்றலையும் தன் சரிவுக்கேற்ப ஒளியைத் திருப்பி அனுப்புவதே காரணம். வள்ளத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை; குலைவது நீரே.

எமில் நோல்டே என்னும் ஜேர்மனிய ஓவியர் 1910இல் ஹம்பேர்க் துறைமுகத்தில் தங்கி, இழுவைப் படகுகளையும் புகையையும் நீரில் சிதறும் ஒளியையும் வரைந்தார். கண் கண்டதை அப்படியே தீட்டாமல் உள்ளம் உணர்ந்தபடி தீட்டுவது அவருடைய மரபு. இது என் மனத்தின் நிறம் என்று ஒப்புக்கொள்ளும் கலை அது.

1911, 1912ஆம் ஆண்டுகளில் கிறிஸ்துவின் வாழ்வையும் அவர் ஒன்பது ஓவியங்களாகத் தீட்டினார். ஆயினும் அவர் யூதரை வெறுத்தார். 1934இல் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். 1937இல் அந்த ஆட்சியே அவருடைய கிறிஸ்து ஓவியங்களை இகழ்ச்சிப் பொருளாக மியூனிக்கில் காட்சிக்கு வைத்தது. அப்போதும் அவர் மனம் மாறவில்லை. படத்தில் தெரிந்த சிதைவு தன் உள்ளத்தின் சாயல் என்று அறிந்த அவர், அயலான் முகம் சிதைந்து தெரிந்தபோது அதையே மெய் என்று நம்பினார்.

இச்சோதனை நமக்கும் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. அக்கொடுமையைச் செய்தவர்கள் ஒரு சிலர். ஆனால் மே 12இல் சிலாபத்தில் பள்ளிவாசலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் தாக்கப்பட்டன. கல்லெறிந்த கை நம்முடையதல்ல என்று நாம் சொல்லலாம். பல்லாண்டு பழகிய அந்தக் கடைக்குப் போகாமல் விலகிய கால்கள் யாருடையவை? துயரமும் அச்சமும் நம் மனத்தைக் கொந்தளிக்கச் செய்தன. அந்தக் கொந்தளிப்பில் அயலவர் பகைவராகத் தெரிந்தார்.

மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எதிர்காற்றில் அலைக்கழிந்த சீடருக்கு, நீர்மேல் நடந்துவந்த ஆண்டவரே பூதமாகத் தெரிந்தார்! அவர் பேசிய பிறகே அவர்களுக்குத் துணிவு வந்தது. காற்று அதற்குப் பின்னரே ஓய்ந்தது.

ஆகவே, மனம் முழுதும் அமைதியாகட்டும் என்று காத்திராதீர்கள். நீங்கள் பேசாமல் விட்ட ஒருவரின் வாசற்படியை இவ்வாரமே ஏறி நலம் விசாரியுங்கள். அதன்பின் நற்கருணைப் பந்திக்கு வாருங்கள்.