மேடைக்குப் பின்னால் ஒரு மனிதர்

பாட்டுக்காரரைப் பற்றிய படம் ஒன்றிலே, பாடாத ஒருவர் ஏறத்தாழ இரண்டு நிமிடநேரம் வந்துபோகின்றார். கையிலே தண்ணீர்க் குழாய், உடலிலே வேலையாடை. வரிசையாய் நிற்கும் மலசலகூடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கழுவிக்கொண்டிருக்கின்றார். படம் பிடிக்க வந்தவர்கள் அவரை நிறுத்திப் பேச்சுக் கொடுக்கின்றனர். அவரும் முகஞ்சுளிக்காமல் விடை சொல்கின்றார். தம் மகன் ஒருவன் இந்தத் திடலிலேயே எங்கோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கின்றான் என்றும், மற்றவன் வியட்நாமில் ஹெலிகொப்டர் ஓட்டுகின்றான் என்றும் கூறிவிட்டு, மறுபடியும் வேலையைத் தொடர்கின்றார்.

1970ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வூட்ஸ்டொக்’ என்னும் விவரணப்படத்தில் வருங் காட்சி இது. மூன்று மணிநேரம் ஓடும் அப்படம் மறு ஆண்டிலே ஒஸ்கார் விருதையும் பெற்றது. புகழ்பெற்ற பாடகர் பலர் தோன்றும் அப்படத்தில், மனத்தில் நின்றவர் இந்தத் தொழிலாளியே என்று கூறியவர்கள் உண்டு. உள்ளபடியே அக்காட்சி நெஞ்சைத் தொடுவதுதான். ஆனால் அந்த மனிதர் செய்தது என்ன தெரியுமா? படமெடுத்தவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். தம்மிடம் அனுமதி பெறாமல் தம்மைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள், ஊரார் சிரிக்கும்படி செய்துவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு.

இந்த வழக்கைப் பற்றி வாசித்த நாளிலிருந்து ஒரு கேள்வி எம்மை விடாமற் பின்தொடர்கின்றது. பெருவிழா ஒன்றில் நாம் மகிழ்ந்திருக்கும்போது, அம்மகிழ்ச்சிக்காகக் கண்மறைவில் நின்று உழைப்பவருக்கு நாம் கடன்பட்டவர்களா? கடன்பட்டவர்களாயின் அதை எவ்வாறு தீர்ப்பது? வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திக் கைதட்டினால் தீர்ந்துவிடுமா?

முதலில் விழாவின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1969 ஒகஸ்ட் 15ஆந் திகதி வெள்ளி மாலை தொடங்கி, 18ஆந் திகதி திங்கட் காலை வரை, நியூ யோர்க் மாநிலத்தின் பெத்தெல் என்னுஞ் சிற்றூரிலே அது நடைபெற்றது. நடத்தியவர்கள் முப்பது வயதை எட்டாத நான்கு இளைஞர்கள். முதலிலே பார்த்த ஊர் ஒரு மாதத்துக்கு முன் அனுமதி மறுக்கவே, மக்ஸ் யாஸ்கர் என்னும் பாற்பண்ணைக்காரர் தமது நிலத்தை வாடகைக்குக் கொடுத்தார். ஐம்பதினாயிரம் பேர் வருவர் என்று ஊராரிடம் சொல்லப்பட்டது. முன்கூட்டியே விற்றுப்போன நுழைவுச் சீட்டுகள் மாத்திரம் 186,000. வந்து சேர்ந்தவர்களோ நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர். காலம் போதாமையால் மேடையைக் கட்டுவதா வேலியைக் கட்டுவதா என்ற நிலை வந்தபோது மேடையைத் தெரிந்தனர். வேலியில்லாத விழாவுக்குச் சீட்டு எதற்கு? எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள்.

நம்மவர்களுக்குப் புதுமையாயிருக்கக்கூடிய செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். முதல் நாள் மேடையேறி, தரையில் அமர்ந்து, அக்கூட்டத்துக்கு ஆசியுரை வழங்கியவர் ஒரு தமிழர். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள செட்டிபாளையத்திற் பிறந்து, 1950களில் நமது கண்டி மாநகரில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்து, 1966இல் மேல்நாடு சென்ற சுவாமி சச்சிதானந்தரே அவர். அன்றிரவு மழைக்கிடையே சித்தார் வாசித்தவர் ரவி சங்கர். போதையுஞ் சேறுமாகக் கிடந்த அக்கூட்டத்தை அவர் பின்னாளில் வெறுப்புடனேயே நினைவுகூர்ந்தார் என்பதையும் மறைக்கலாகாது.

மேடையின் முன்புறக் கதையை உலகமே அறியும். பின்புறக் கதைதான் நமக்கு வேண்டியது. வீதிகள் அடைபட்டுப்போனதால் பாடகர்களை ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்கினார்கள். பணம் கைக்கு வராமல் மேடை ஏறமாட்டோம் என்று சில குழுவினர் மறுக்கவே, இரவிலே வங்கி அலுவலரைத் துயிலெழுப்பிக் காசோலை எழுதவேண்டியதாயிற்று. சமாதானத்தையும் அன்பையும் பாட வந்தவர்கள் இவ்வாறு செய்யலாமா என்று கேட்பது எளிது. எம்மைக் கேட்டால், அவர்களை அதிகம் குறை கூறமாட்டோம். பேசிய கூலியை வேலைக்காரன் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. கவனிக்கவேண்டியது வேறொன்று. புகழ்பெற்றவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் வல்லமை இருந்தது. இதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் உதவும்.

உணவு இரண்டாம் நாளே தீர்ந்துபோயிற்று. ‘ஹொக் பாம்’ என்ற பெயரிற் கூடி வாழ்ந்த ஒரு குழுவினர் பெருங் கிடாரங்களில் தானியக் கஞ்சி காய்ச்சி ஆயிரமாயிரமாய் வந்தவர்களுக்கு வார்த்தனர். அயலூராகிய மொன்டிசெல்லோவிலே யூத சமூக நிலையத்தைச் சேர்ந்த மாதர் பாணும் இறைச்சியுமாகச் சண்ட்விச் செய்து கட்டிக் கொடுக்க, அவற்றைக் கொண்டுபோய்ப் பங்கிட்டவர்கள் புனித தோமஸ் மடத்துக் கன்னியர். யூதப் பெண்கள் செய்ததைக் கத்தோலிக்கக் கன்னியர் சுமந்துசென்று, இரு சாராருடைய வாழ்வையும் ஏளனஞ் செய்யக்கூடிய இளைஞர்களின் கையிற் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி எவரும் பாட்டெழுதியதாகத் தெரியவில்லை. அந்த விழாவைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற பாட்டை எழுதிய ஜோனி மிச்செலோ அவ்விழாவுக்குச் செல்லவேயில்லை!

போதைப்பொருளால் மதிமயங்கி அலறியவர்களைப் பார்க்கவும் அதே ‘ஹொக் பாம்’ குழுவினர் கூடாரம் அமைத்தார்கள். அங்கே அவர்கள் கையாண்ட முறை எம்மை மிகவுங் கவர்ந்தது. தெளிந்தெழுந்த ஒருவனை உடனே போகவிடாமல், புதிதாய்க் கொண்டுவரப்பட்ட ஒருவனைக் காட்டி, சில மணிநேரத்துக்கு முன் நீ இருந்த நிலை இதுவே, இனி இவனைப் பார்ப்பது உன் பொறுப்பு என்று ஒப்படைப்பார்களாம். மருத்துவரையும் மருந்தையும் கொண்டுவந்த ஹெலிகொப்டர்களுட் சில இராணுவத்துக்குச் சொந்தமானவை. போரை எதிர்த்துக் குரலெழுப்பிய கூட்டத்தின் உயிரைக் காக்க அந்த இராணுவமே வரவேண்டியிருந்தது.

அப்படியிருந்தும் எல்லாரும் வீடு திரும்பவில்லை. போதைப்பொருளால் ஒருவர் இறந்தார். பதினேழு வயதுப் பையன் ஒருவன், படுக்கைப் பைக்குள் உறங்கிக்கொண்டிருந்தவன், உழவு இயந்திரத்தின் சில்லில் அகப்பட்டு இறந்தான். உள்ளே ஆள் கிடப்பது ஓட்டிவந்தவருக்குத் தெரியாது. அந்த ஓட்டுநரும் திரைமறைவில் உழைத்தவர்களில் ஒருவரே. அவர் அதன்பின் எப்படி உறங்கினாரோ!

இனி நம் கேள்விக்கு வருவோம். மலசலகூடம் கழுவியவருக்கு அவருடைய கம்பனி சம்பளம் கொடுத்தது. பேசிய வேலை, பேசிய கூலி. அத்துடன் கணக்கு முடிந்தது, பாட்டுக் கேட்டவனுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பரிவர்த்தனை நீதி என்று நாம் படித்த நீதியின்படி பார்த்தால் அக்கணக்கு முடிந்ததுதான். ஆனால் புனித தோமஸ் அக்குவினாஸ் நன்றியை நீதியோடு இணைந்த தனியொரு புண்ணியமாக எண்ணி ஆராய்ந்திருக்கின்றார். சட்டம் வற்புறுத்தித் தீர்க்கச் செய்யுங் கடன் ஒன்று. எந்தச் சட்டமுங் கேளாத, நேர்மையான மனம் தானாகவே உணருங் கடன் மற்றொன்று. கூலி முன்னதைத் தீர்க்கும். சேற்றிலும் மலத்திலும் நின்று வேலை செய்துகொண்டே, அதைச் செய்யவேண்டி வைத்த பிள்ளைகளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாத அந்த நல்ல மனத்துக்கு எந்தக் கம்பனி கூலி கொடுத்தது? அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பொருளன்று. அதைப் பெற்றவர்கள் நான்கு லட்சம் பேர்.

ஆகவே கடன் உண்டு என்பதே எமது துணிபு. தீர்க்கும் முறையிலேதான் சிக்கல் இருக்கின்றது.

படமெடுத்தவர்கள் தம் பங்கைத் தீர்த்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். மேடையைச் சுற்றியே கமராவை வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், எவரும் திரும்பிப் பாராத இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பாராட்டவே வேண்டும். அவர்கள் சார்பிலே இன்னொன்றும் சொல்லலாம், அது வலுவான வாதம். ஒவ்வொரு தொழிலாளியிடமும் கையெழுத்து வாங்கிய பின்பே படம் பிடிக்கலாம் என்று வைத்தால், வரலாற்றிலே பாடகர் மாத்திரமே எஞ்சுவர். கழுவியவர், சமைத்தவர், சுமந்தவர் எல்லாரும் இன்றுபோலவே என்றும் மறைந்துபோவர். அந்த இரண்டு நிமிடம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. இதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் மேலே மனத்தில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துப் பாருங்கள். நீல் யங் என்ற பாடகர் தம்மைப் படம் பிடிக்கவேண்டாம் என்றார், பிடிக்கவில்லை. ‘கிரீடென்ஸ் கிளியவோட்டர் ரிவைவல்’ என்ற குழு இணங்க மறுத்தது. அவர்களுடைய பாட்டு அப்படத்தில் வரவில்லை. புகழுள்ளவன் வேண்டாமென்றால் கமரா திரும்பிக்கொண்டது. குழாயோடு நின்றவரிடமோ அந்தக் கேள்வியை எவரும் முறையாகக் கேட்கவில்லை. அவர் சிரித்துப் பேசினார் என்பது இணக்கமாகுமா? வேலையிடத்திலே எதிர்ப்பட்டவர் பேசும்போது மரியாதைக்காகப் பேசுவது நம் ஒவ்வொருவருக்கும் உள்ள இயல்பு. பிற்காலத்தில் நாடெங்கும் படமாளிகைகளில் முன்பின் அறியாதவர்கள் தன்னைப் பார்ப்பதற்கான உரிமையை அந்த மரியாதை வழங்கிவிடாது. பார்த்தவர்களிற் பலர் உருகினர் என்பது உண்மை, சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மலசலகூடமொன்றிலிருந்து போதைக் குழாயோடு ஓர் இளைஞன் வெளிவருவதும் அக்காட்சியில் இருக்கின்றதல்லவா? நகைச்சுவை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது அப்போது தெரிந்துவிடுகின்றது. அதே படம் பல கோடி டொலரை ஈட்டியதையும், பத்து லட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனிலே மூழ்கிய விழா நடத்துநர்கள் அதன் வருமானத்தாலே மெல்ல மெல்லக் கரையேறியதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நீதிமன்றத்தின் சிந்தனையும் இத்திசையிலேயே சென்றது. கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் வழக்கைத் தள்ளியது. பொது நிகழ்ச்சி ஒன்றில் இருந்தவர் தம் படம் வந்ததென்று முறையிட முடியாது என்பது பொது விதி. 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத் தற்செயலாய்ப் படத்தில் விழுவது வேறு, வேலையிலிருந்தவரைப் பேச்சுக் கொடுத்து இழுத்து, படத்துக்காக நடிகராக்குவது வேறு. நடந்தது எது என்பது விசாரிக்கப்படவேண்டியதே என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவருடைய பெயர் வழக்கேடுகளில் இருக்கின்றது. இப்பத்தியில் அதை நாம் எழுதாமல் விட்டதன் காரணத்தை வாசகர் ஊகிப்பர்.

அக்குவினாஸ் நன்றியைப் பற்றிக் கேட்கும் வினாக்களுள் ஒன்று, உபகாரத்துக்கு உடனே கைம்மாறு செய்யவேண்டுமா என்பது. மனத்தால் உடனே நன்றி கொள்ளவேண்டும், பொருளாற் செய்வதை உபகாரிக்கு ஏற்ற வேளையிலே செய்யவேண்டும் என்ற கருத்தில் அவர் விடை கூறுகின்றார். அவசரப்பட்டுத் தீர்ப்பவன் கடனை விரும்பாதவனாகவே தோன்றுவான். செமினாரியில் இதைப் படித்தபோது நுணுக்கத்துக்காகச் செய்த நுணுக்கமாக எமக்குப் பட்டது. இந்த வழக்கோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகின்றது. அந்த இரண்டு நிமிடம் கமராக்காரனுக்கு ஏற்ற வேளை. கழுவிக்கொண்டிருந்தவருக்கு ஏற்ற வேளையன்று.

கண்மறைவில் உள்ளவரை எண்ணாத விழா எங்கே போய் முடியும் என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அதே 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி, கலிபோர்ணியாவின் அல்டமொன்டிலே, இடத்தை இரண்டு நாளுக்குள் மாற்றி, ஆளுயரமும் இல்லாத மேடை அமைத்து, அதைக் காக்கும் பணியை ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் மோட்டார்சைக்கிள் கூட்டத்தாரிடம் விட்டார்கள். ஐந்நூறு டொலர் பெறுமதியான பியரே அதற்குக் கூலி என்று பரவலாகக் கூறப்படுகின்றது. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவினர் பாடிக்கொண்டிருக்கையில் மெரெடித் ஹன்ரர் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் மேடையருகே குத்திக் கொல்லப்பட்டான். அன்று இறந்தவர் மொத்தம் நால்வர்.

பெத்தெலிலே அயலவர் சிலர் தாகத்தோடு வந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரை விலைக்கு விற்கின்றார்கள் என்று கேள்விப்பட்ட யாஸ்கர், கொதித்தெழுந்து, ‘இலவசத் தண்ணீர்’ என்று பெரிய எழுத்திலே பலகை எழுதித் தம் களஞ்சியத்தில் மாட்டினார். அவர் அந்த இளைஞர்களின் கொள்கைக்காரர் அல்லர், அரசியலிலே பழமைவாதி. முப்பது ஆண்டு கழித்து, 1999 யூலையில், அதே வூட்ஸ்டொக் பெயரால் நியூ யோர்க் மாநிலத்தின் பழைய விமானப்படைத் தளமொன்றிலே விழா எடுத்தபோது, கொளுத்தும் வெயிலிலே ஒரு போத்தல் தண்ணீர் நான்கு டொலருக்கு விற்கப்பட்டது. இறுதி இரவிலே தீவைப்பும் கொள்ளையும் நடந்தன. பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக முறைப்பாடுகள் வந்தன.

யாஸ்கர் மீது அயலவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டனர். மறு ஆண்டும் விழாவுக்கு நிலம் கேட்டபோது, மாடு வளர்ப்பதே தம் தொழில் என்று மறுத்துவிட்டார். 1973இல் இருதய நோயால் இறந்தார்.

அந்தத் தொழிலாளியின் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு லட்சம் பேருக்கு நடுவே எங்கோ இருந்தவன் அவன். வெயிலிலும் மழையிலும் அவனும் அந்த வரிசையில் நின்று, கழுவிய கதவொன்றைத் திறந்திருக்கவேண்டும். தகப்பனைக் கண்டானா, கண்டு கையசைத்தானா, நண்பர்களுக்கு முன்னே காணாதவன்போல் அப்பாற் போனானா என்பதைப் படம் காட்டுவதில்லை.