விளையாட்டால் வரும் விழிப்பு அறமாகுமா?

விழிப்பாயிருத்தல் அறமா, வெறும் பழக்கமா என்ற பழைய கேள்வி இன்று இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் மறுபடி எழுகிறது. மறதியில்லாமையாகிய பொச்சாவாமைக்குத் திருக்குறள் தனி அதிகாரமே ஒதுக்கியது. அது பொருட்பாலில், அரசியலின் கீழ் நிற்கிறது. பொறுப்பில் இருப்பவரின் மறதி பிறரைத் தாக்கும் என்பதால் அதற்கு அந்த இடம் பொருந்தும்.

இன்றைக்கு ஓர் எடுத்துக்காட்டு: திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லை ஊரார் உவர்மலை என்பர். கிழக்கு மாகாண அலுவலகங்கள் பல இங்கே உள்ளன. இத்தகைய அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் திறக்கும் போலி மின்னஞ்சல், முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் இடமாற்றக் கோப்பைப் பாதிக்கலாம்.

மூளை இந்த விழிப்புக்கு எளிதில் இணங்குவதில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மூளையைப் படம்பிடித்துக் காட்டியது இதுதான்: ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே காட்சியை உணரும் பகுதிகளின் இயக்கம் குறைகிறது. தோற்றம் மாறிக்கொண்டே வரும் எச்சரிக்கைகளுக்கு அந்தச் சலிப்பு மெதுவாகவே ஏற்படுகிறது. பயிற்சியை, மாறிக்கொண்டே வரும் சவால்களுள்ள விளையாட்டாக வடிவமைப்பதன் பலம் இங்கேதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 2007ஆம் ஆண்டு விளையாட்டில் ஒரு மீன், போலி இணைய முகவரிகளாகிய தூண்டில் புழுக்களை இனம்காணப் பழகுகிறது. தவறு உடனே தெரிகிறது. காரணமும் அங்கேயே விளங்குகிறது.

ஆனால் புள்ளிக்காக விழித்திருப்பவர் புள்ளி நின்றதும் என்ன செய்வார்? உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர் தீர்க்கக் காசு பெற்றவர்கள் காசு நின்றபின் முன்னைய ஆர்வத்தை இழந்தனர். பழக்கம் அறத்துக்கு வழி திறக்கும். யாருக்காகக் காக்கிறோம் என்ற நினைவு சேராதவரை அது அறமாக முதிராது. ஆகவே நல்ல பயிற்சி விளையாட்டில், மதிப்பெண் பட்டியலைவிட அந்த ஆசிரியரின் கதைக்கே முதலிடம் தர வேண்டும்.

பயிற்றுவிப்போருக்கும் கடமை உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதலான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் அழிந்தன. மென்பொருள் பழையது, அக்காலத்துக்குரிய காப்புப் பிரதியும் இல்லை. அத்தகைய குறைகளை அப்படியே விட்டுவிட்டு ஊழியரின் விரலை மட்டும் குற்றம் சொல்வது அநீதி. போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கும் நிறுவனம், சோதனை நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; ஏமாந்தவரின் பெயரை வெளியிடக் கூடாது; தவறை உடனே சொல்பவரைத் தண்டிக்கவும் கூடாது.