ஆன்மிகம் கேள்வி பதில்: பக்தனுக்கு அரசியல் ஆகாதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். காலையில் பூஜை, மாலையில் திருவாசகம் என்று பொழுது போகிறது. செய்தித்தாளில் அரசியல் பக்கத்தைத் தொடுவதில்லை. சென்ற இரண்டு தேர்தல்களிலும் ஓட்டுப் போடவும் போகவில்லை. 'அரவிந்தரே அரசியலை உதறிவிட்டுத்தானே யோகத்துக்கு வந்தார்' என்றால், 'இது பக்தி இல்லையப்பா, சோம்பேறித்தனம்' என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அரவிந்தர் பெயரை எடுத்துவிட்டீர்கள். அவர் கதையையே முழுதாகப் பார்த்துவிடுவோம்.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908 மே மாதம் கைதானார். ஓராண்டு சிறை. தனிமைக் கொட்டடியில் கீதையும் தியானமுமாக இருந்தவருக்கு, காவலாளியிடமும் கைதிகளிடமும் வாசுதேவனே தெரிந்தான். விடுதலையானதும் உத்தரபாராவில் அதை ஊரறியப் பேசினார். அத்தோடு காவி கட்டிக்கொண்டு போய்விட்டாரா? இல்லை. 'கர்மயோகின்' வார இதழைத் தொடங்கி, மறுபடியும் அரசியல்தான் எழுதினார். உள்ளிருந்து உத்தரவு வந்த பிறகே 1910 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூருக்குப் போனார். ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் கப்பலிலிருந்து இறங்கினார். பாரதியாரின் நண்பர்கள் முன்பே ஏற்பாடு செய்திருந்த சங்கர செட்டியார் வீட்டில் தங்கினார்.

போலீசுக்குப் பயந்து ஓடினார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவருடைய கட்டுரை ஒன்றின் மீது ராஜதுரோக வழக்குப் போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுரையில் ராஜதுரோகம் இல்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே அந்த ஆண்டுக்குள் தீர்ப்பளித்துவிட்டது. திரும்பிப் போக வழி இருந்தும் அவர் போகவில்லை. 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். மறுத்துவிட்டார். பதவியே வாசல் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றவரைப் பயந்தாங்கொள்ளி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்கடுத்த பகுதி. அதே 1920இல் பத்திரிகை நடத்த அழைத்த ஜோசப் பாப்டிஸ்டாவுக்கு எழுதிய பதிலில், அரசியலைத் தாம் இழிவாக நினைக்கவில்லை என்று தெளிவாகவே சொன்னார். 1926க்குப் பிறகு அறையை விட்டு வெளியே வராத மனிதர்தான். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் ஹிட்லருக்கு எதிராகப் பகிரங்கமாக நின்றார். 1942இல் பிரிட்டிஷ் அரசு முன்வைத்த கிரிப்ஸ் திட்டத்தை ஏற்கச் சொல்லிக் காங்கிரஸ் தலைவர்களிடம் தம் சீடரான வழக்கறிஞர் துரைசாமி ஐயரை டில்லிக்கு அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை, அது வேறு விஷயம். அறைக்கதவைச் சாத்தியவர் நாட்டின் மீதிருந்த கண்ணை எடுக்கவில்லை.

அரசியலை விட்டு விலகியவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. வேறொரு பெரிய வேலை இழுத்துக்கொண்டதால் விலகியவர்கள் உண்டு. அலுப்பினால் விலகி, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று உங்கள் பூஜையறைக்குத்தான் தெரியும். ரேஷன் கடை, ஏரி, பள்ளிக்கூடம் பற்றிய செய்திகூட உங்களுக்கு எரிச்சல் தருகிறதென்றால், மகன் பக்கம்தான் என் ஓட்டு.

கட்சியில் சேராமல் இருங்கள், மேடை ஏறாமல் இருங்கள், தேர்தலில் நிற்காமல் இருங்கள். எந்த சாஸ்திரமும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் வாக்குச்சாவடிக்குப் போகாததற்கு அரவிந்தரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அடுத்த தேர்தலன்று பூஜையை முடித்துவிட்டு மகனோடு கிளம்புங்கள்.