கையை விட்டவனையும் பாருங்கள்

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, நாலைந்து பேராக ஒரே போனைச் சுற்றிப் படுத்துப் படம் பார்க்கும் ஒரகடம், சுங்குவார்சத்திரம் தம்பிகளே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

‘காதல் கொண்டேன்’ படம் 2003-ல் வந்தது. இன்றைக்கும் அந்த வினோத்துக்காக அழுகிறோம். அழலாம், தப்பே இல்லை. அன்பென்றால் என்னவென்று தெரியாமல் அடிபட்டு வளர்ந்த பிள்ளை. தன்னை முதன்முதலில் மனுஷனாக மதித்த திவ்யாவை விடமாட்டேன் என்கிறான். இயக்குநர் செல்வராகவன் அந்த வலியை அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து காட்டியதில், நனைந்த நம் கண்ணுக்குத் திவ்யாவின் முகம் தெரியாமலே போகிறது. வினோத் பொய் சொல்லித்தான் அவளைக் காட்டுக்கு அழைத்துப் போகிறான். அவள் கொடுத்தது நட்பு. அவள் காதலித்தது வேறொருவனை.

கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மலை விளிம்பில் அவளுடைய ஒரு கையில் வினோத், மறு கையில் அவள் காதலன். வினோத்தை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. அவனே கையை விடுவித்துக்கொண்டு விழுகிறான். படம் முழுவதிலும் அவன் அவளை நேசித்தது அந்த ஒரு கணத்தில்தான் என்பேன். நாமோ அவன் பிடித்துவைத்ததையெல்லாம் காதல் என்று கொண்டாடுகிறோம், விட்டதைத் தோல்வி என்கிறோம்.

‘குணா’வில் (1991) கடத்தப்பட்டவளே கடத்தியவனை நேசிக்கத் தொடங்குகிறாள். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வந்த பிறகு ‘குணா’ பாட்டு மறுபடி எல்லார் வாயிலும். நல்ல பாட்டுதான். ஆனால் அந்த மனமாற்றம் கதை எழுதியவர்கள் கொடுத்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் மனசை எழுத யாருக்கும் உரிமையில்லை.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள். தம்பியின் படிப்பும் வீட்டு நகைக்கடனை அடைப்பதும் பலருடைய சம்பளத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் தினமும் பின்னால் போனால், நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டால், விஷயம் ஊருக்குத் தெரிந்த அன்றைக்கே வீட்டில் “வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கிளம்பி வா” என்பார்கள். ஒரு தப்பும் செய்யாதவளுக்கு வேலை போகும்.

அதோடு நிற்காத கதையும் உண்டு. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில், ஒரு கல்லூரி மாணவியைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்தவன், அவளை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான். அந்தத் துயரம் தாங்காமல் அவளுடைய அப்பாவும் போய்விட்டார்.

விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் பின்தொடர்வது, பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே மூன்றாண்டு வரை சிறை. சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினாலும் சரி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாலும் சரி, உடனே நிறுத்துங்கள்.

“விடாத மச்சான், ஒத்துக்குவா” என்று ஏற்றிவிடும் நண்பர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. மறுத்துவிட்ட பெண்ணின் நம்பரை வாங்கித் தரச் சொல்லி இன்றிரவு அறையில் எவன் கேட்டாலும், கொடுக்காதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும்வரை கூட இருங்கள்.