சேராத நால்வர்

இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடு வாங்குவோர் பெரும்பாலும் நெடுங்காலக் குத்தகையையே பெறுகின்றனர்; மனையும் கட்டடமும் வேறொருவருடையவை. குத்தகைதாரர் ஒன்றுகூடி அவ்வுரிமையை விலைக்கு வாங்க 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பிற தகுதிகள் அமைந்து, பாதி வீட்டாரேனும் சேர்ந்தால் உடைமையாளர் பொதுவாக மறுக்க இயலாது. நல்ல ஏற்பாடே.

ஆயினும், சேராதோர் நிலை யாது? பத்து வீட்டாரில் அறுவர் வாங்கினர் எனக் கொள்வோம். பொருளின்மையால் ஒதுங்கிய நால்வரும் குத்தகைதாரராகவே நீடிப்பர். (ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்குப் பெருந்தொகை எளிதன்று என்பதை நாம் அறிவோம்.) குத்தகைக் காலத்தை நீட்டிக்க இனி அவர்கள் அண்டை வீட்டார்க்கே விலை கொடுத்தல் வேண்டும். முதலிட்டோர் இட்டதை மீட்பது முறையே. அதற்கு மேலும் ஈட்டலாமா? பழைய உடைமையாளர் செய்தபோது கொடுமை எனப்பட்டது, அறுவர் கூடிச் செய்தால் அறமாகிவிடுமா? அந்நால்வரும் பின்னாளில் அதே விலையில், உரிய வட்டியுடன் சேரலாம் என்று வாங்குமுன்பே எழுதிவைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.